வெறும் வலையும் ஞாயிற்றுப் பிரசங்கமும்

அயல் வீட்டாரின் பண்டிகைப் பலகாரத்தை நாம் நன்கறிவோம். அவர்களுடைய வழிபாட்டை அவ்வளவாக அறியோம். நத்தார்க் காலையிலே கேக்குத் துண்டுகளும் பயற்றம் பணியாரமுமாக ஒரு தட்டு வேலிக்கு மேலால் வருகின்றது. தைப்பொங்கலன்று அதே தட்டு, பொங்கலும் வாழைப்பழமும் ஏந்தித் திரும்பிச் செல்கின்றது. இவ்வாறு தட்டுக்கள் போய் வருகின்ற வீடுகளிலேகூட, சைவர் ஒருவர் கத்தோலிக்கரின் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆரம்பந்தொட்டு முடிவுவரை இருந்து பார்த்தார் என்பது அருமையாகவே கேட்கப்படும். விவாகத்துக்குப் போயிருப்பர், மரணச் சடங்குக்குப் போய் வாசலிலே நின்றிருப்பர். விசேஷம் எதுவுமில்லாத ஒரு ஞாயிற்றிலே, ஊரார் வழக்கமாகக் கேட்கும் பூசையையும் பிரசங்கத்தையும் தாமும் இருந்து கேட்டவர் சிலரே.

இத்தனைக்கும் இரு சாராருக்கும் சொற்கள் பொதுவாகவே இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கர் தம் ஆலயத்தைக் 'கோயில்' என்றே சொல்வர். அங்கே நடப்பது 'பூசை'. ஆண்டுக்கொரு முறை 'கொடியேற்றம்', அதன்பின் 'திருநாள்'. நோய் தீர்ந்தால் 'நேர்த்திக்கடன்'. 'திருப்பலி' என்னுஞ் சொல் இப்பொழுது நூல்களிலும் அறிவித்தல்களிலும் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் கிழவிமார் இன்னும் "பூசைக்குப் போறன்" என்று சொல்லிக்கொண்டே படலையைத் திறக்கின்றனர். சொல் ஒன்றாயிருக்க, அதன் உள்ளிருக்கும் பொருள் யாது என்று நேரிற் சென்று பார்த்துவர வேண்டுமென்னும் ஆவல் சைவராகிய நமக்கு நெடுநாளாக இருந்தது.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையிலுள்ள ஒரு மீனவர் பங்கிலே அவ்வாவல் நிறைவேறிற்று. ஊர்ப்பெயரைக் கூறாது விடுகின்றோம். கூறினால் அன்று பிரசங்கித்த குருவானவர் கூச்சப்படுவார். அதுவுமன்றி, நாம் எழுதப்போவது அந்த ஓர் ஊருக்கு மாத்திரம் உரியதுமன்று.

★

அவ்வூரிலே சனிக்கிழமை இரவு வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. ஆகையால் ஞாயிறு காலையிலே ஆண்களும் கோயிலில் நிறைந்திருப்பர். இரண்டாம் மணி அடித்தபோது நாம் மணல் முற்றத்தைக் கடந்து, பாதரட்சைகளை வாசலில் விட்டு உள்ளே சென்றோம். பெண்கள் ஒரு புறம், ஆண்கள் மறு புறம். பிள்ளைகள் முன்னே பாய்களில். வெயிலிலும் உப்புக் காற்றிலும் கறுத்துக் காய்ந்த முதியவர்கள் வெளுத்த வேட்டி சால்வையோடு சுவரோரமாக அமர்ந்திருந்தனர். சாளரங்கள் வழியாகக் கடற்காற்று வந்துகொண்டிருந்தது.

எப்பொழுது எழும்புவது, எப்பொழுது முழந்தாளிடுவது என்று தெரியாத நமக்கு, பக்கத்திலிருந்த ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் ஆசானாக அமைந்தான். "மாமா, இப்ப எழும்புங்கோ" என்று மெல்லச் சொல்வான். சிறிது நேரத்தின்பின், "இனி இருக்கலாம்" என்பான். தனக்குத் தெரிந்ததொன்று பெரியவர் ஒருவருக்குத் தெரியவில்லையே என்று அவன் ஏளனஞ் செய்யவில்லை. அவ்வளவில் அவனும் அன்று நமக்குப் பிரசங்கித்தவர்களுள் ஒருவனே.

ஆரம்பத்திலேயே ஒரு காரியம் நம் கருத்தைக் கவர்ந்தது. குருவானவர் பீடத்தருகே வந்து சபையாரை வாழ்த்தியதும், எல்லாரும் ஒருமித்துத் தத்தம் பாவங்களை ஏற்றுக்கொள்ளுஞ் செபம் நடைபெற்றது. மார்பிலே கைவைத்துத் தட்டி, 'என் குற்றம்' என்று சொல்பவர்களுள் குருவானவரும் ஒருவர். பிறருக்குப் புத்தி கூற நிற்பவர், முதலில் தாமும் குற்றவாளி என்பதை அவர்களுடைய முன்னிலையிலே சொல்லியாக வேண்டும். அதன் பின்னரே அவருக்குப் பிரசங்கிக்க வேளை வருகின்றது. மேடையேறும் எல்லாருக்கும் இப்படியொரு விதி இருக்குமாயின் நம் நாட்டிலே பிரசங்கங்கள் எவ்வளவு குறையும் என்று எண்ணிக்கொண்டோம்.

இவ்வொழுங்கின் முக்கிய பாகங்கள் மிகப் பழையன. ஏறத்தாழ கி.பி. 155ஆம் ஆண்டிலே யுஸ்தீன் என்னுங் கிறிஸ்தவ ஞானி, தம் மதத்தாருக்காக உரோமைச் சக்கரவர்த்திக்கு எழுதிய விண்ணப்பத்திலே, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கூடிச் செய்வது என்னவென்று விவரித்திருக்கின்றார். பட்டினத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்திற் கூடுவர். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புக்களோ தீர்க்கதரிசிகளின் எழுத்துக்களோ வாசிக்கப்படும். வாசித்தவற்றின்படி வாழுமாறு தலைவர் புத்தி கூறுவார். பின் எல்லாரும் எழுந்து மன்றாடுவர். அப்பமும் இரசமும் கொண்டுவரப்படும். வராதவர்களுக்கும் பங்கு அனுப்பப்படும். இறுதியாக, வசதியுள்ளோர் கொடுப்பது அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளருக்கும் சிறையிலிருப்போருக்கும் வழிப்போக்கருக்கும் பகிரப்படும். ஏறத்தாழ 1,870 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த விவரத்தை அறிந்த ஒருவர் அன்று நம்மோடு அக்கரையூரிலே இருந்திருந்தால், அடுத்து என்ன நடக்குமென்று பையனைக் கேளாமலே அறிந்திருப்பார்.

★

முதல் வாசகத்தைப் பாடசாலை மாணவி ஒருத்தி வாசித்தாள். ஏசாயாஸ் தீர்க்கதரிசி தேவாலயத்திலே தரிசனங் கண்டு, தம் உதடுகள் அசுத்தமானவை என்று நடுங்கியதும், தூதன் ஒருவன் பீடத்துத் தணலைக் கொண்டுவந்து அவர் வாயிலே தொட்டதும், அதன்பின் அவர் போவதற்கு இசைந்ததும் அதிலே சொல்லப்பட்டன. அவசரமின்றி, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி அவள் வாசித்த தெளிவு, அவள் ஆசிரியருக்கும் பெற்றாருக்கும் பெருமை தருவது.

சுவிசேஷ வாசகம் லூக்காஸ் எழுதியதன் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து. எல்லாரும் எழுந்து நின்றனர். கெனேசரேத்து ஏரிக்கரையிலே சனங்கள் யேசுநாதரை நெருக்குகின்றனர். இரண்டு படகுகள் கரையில் நிற்கின்றன. மீனவர்கள் இறங்கி வலைகளைக் கழுவிக்கொண்டிருக்கின்றனர். இராயப்பர் என்று பழைய தமிழ்ச் செப நூல்கள் வழங்கும் சீமோன் பேதுருவின் படகிலே அவர் ஏறி, அதனைக் கரையிலிருந்து சற்றுத் தள்ளச் சொல்லி, அமர்ந்து போதிக்கின்றார். பின்னர் ஆழத்துக்குச் சென்று வலை வீசும்படி சொல்கின்றார். இரவு முழுவதும் பாடுபட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்கின்றார் சீமோன். ஆயினும் அவர் சொல்லுக்காக வீசுகின்றார். வலை கிழியத்தக்கதாக மீன் படுகின்றது. மற்றப் படகையும் அழைக்க, இரண்டும் அமிழும்படி நிறைகின்றன. முடிவில் அவர்கள் படகுகளைக் கரைசேர்த்து, எல்லாவற்றையும் விட்டு அவருக்குப் பின்னே செல்கின்றனர்.

இந்த வாசகம் ஞாயிற்றுப் பூசையிலே மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. சுவிசேஷ நூல்களை மத்தேயுவுக்கு ஓராண்டு, மாற்குவுக்கு ஓராண்டு, லூக்காஸுக்கு ஓராண்டு என முறைவைத்து வாசிக்கும் ஒழுங்கு 1969ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்டது. எனவே, குருவானவர் தம் விருப்பத்துக்கேற்ற வசனத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. அன்றைக்கு வந்த வாசகத்தை, அன்றைக்கு வந்த மக்களின் முன்னே விளக்கியாக வேண்டும்.

மீனவரின் முன்னே மீன் பிடித்த கதை! இதைவிட எளிது எது என்று தோன்றும். உண்மையில் இதைவிடக் கடினமானது வேறில்லை. கேட்டிருப்போர் அனைவரும் அத்தொழிலிலே பிரசங்கியாரைக் காட்டிலும் வல்லவர்கள். ஒரு சொல் பிழைத்தாலும் சுவரோரத்து முதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர்.

★

குருவானவர் நடுத்தர வயதினர். குரலிலே இடிமுழக்கமில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "இரவு முழுவதும் ஒன்றும் படவில்லையென்றால், அவர்கள் எதற்காக வலையைக் கழுவினார்கள்?"

பெண்கள் பக்கத்திலே சிறு சிரிப்பொலி எழுந்தது. விடை தெரியாதவர் அங்கே எவருமில்லை. குருவானவரும் சிரித்தார். தாம் தோட்டக்காரர் குடும்பத்திற் பிறந்தவரென்றும், வெங்காயம் தெரியுமே தவிர வலை தெரியாதென்றும், ஆகையால் முதல் நாள் மாலை கரைக்குச் சென்று அங்கிருந்தோரைக் கேட்டு அறிந்துகொண்டதாகவும் சொன்னார். அவர்கள் கொடுத்த விடை இது: மீன் படாத வலையிலும் அழுக்குப் படும். சேறும் சாதாளையும் சொறிமுட்டையும் மீன் இல்லாத இரவென்று பார்ப்பதில்லை.

இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அவர் பிரசங்கம் முழுவதையும் செய்தார். பலன் கொடாத உழைப்பும் பின்வேலையை வைத்துவிட்டே போகின்றது. சித்தியடையாத பரீட்சையின் பின்னும் புத்தகங்களை அடுக்கத்தான் வேண்டும். பிழைக்காத நோயாளியின் படுக்கையையும் துவைத்து உலர்த்தத்தான் வேண்டும். இலாபம் வந்த நாளிலே கழுவுவது சுலபம். சிரித்துப் பேசிக்கொண்டே கழுவலாம். வெறும் வலையைக் கழுவுகின்றவன் வாய் பேசாது கழுவுகின்றான். ஆனால், கழுவுகின்றானே! நாளைக்கும் கடலுக்குப் போவேன் என்று நினைப்பவன் மாத்திரமே இன்று வெறும் வலையைக் கழுவுவான். நம்பிக்கை என்பது நெஞ்சிலே தோன்றும் ஓர் இனிய உணர்ச்சி என்று நாம் நினைக்கின்றோம். அது சிலவேளை கையிலே மாத்திரம் இருக்கும், நெஞ்சிலே இராது என்றார்.

பின்னர் இன்னொன்றைக் கவனிக்கச் சொன்னார். யேசுநாதர் கரைக்கு வந்தது எவ்வேளையில்? மீன் நிறைந்த படகு வந்து சேர்ந்தபோது அல்ல. அவர்கள் வெறும் வலையைக் கழுவிக்கொண்டிருந்தபோது. வந்தவர் ஆறுதலான வார்த்தை எதையுஞ் சொல்லவில்லை. களைத்திருந்தவனிடத்திலே ஓர் உதவி கேட்டார்: படகைச் சற்றுத் தள்ளித் தா என்றார். துன்பத்திலிருப்பவனுக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் உண்டு. உன்னாலும் எனக்கு ஓர் உபகாரம் ஆகும் என்று சொல்பவர் அரியர்.

அடுத்து அவர் சொன்னதுதான் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. "கதையின் முடிவிலே வலை நிறைகின்றது. உங்கள் வலையும் நாளைக்கு நிறையும் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் பீடத்தருகே நின்று பொய் சொன்னவனாவேன். எத்தனையோ வலைகள் நிறைவதில்லை. இராயப்பர்கூட நிறைந்த வலையைக் கரையிலே விட்டுவிட்டுத்தான் போனார். அவர் கூட்டிக்கொண்டு போனது, வெறும் வலையோடு நின்றபோது தம் படகிலே வந்து ஏறியவரைத்தான்." இவ்வாறு கூறிவிட்டு, வெறும் வலை கடலிலே மாத்திரம் உள்ளதன்று என்று ஒரு வாக்கியஞ் சேர்த்து, சிறிது நேரம் பேசாது நின்றார். பின் பிரசங்கத்தை முடித்துக்கொண்டார்.

நமது கைக்கடிகாரத்தில் எட்டு நிமிஷங்கள் சென்றிருந்தன.

★

அவர் பேசாது நின்ற அந்தச் சிறு நேரத்துக்குப் பொருள் என்னவென்று அங்கிருந்தோருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளியூர் வாசகருக்குச் சிறிது சொல்வோம்.

கடலைப் பற்றி முதலிலே. பாக்குநீரிணைக் கரையோர மக்களின் வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துச் செல்வது நெடுங்காலத் துயர். கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017ஆம் ஆண்டிலே சட்டத்தினால் தடைசெய்தது. எல்லை கடந்து வரும் படகுகளின் பிரச்சினையோ அத்துடன் தீரவில்லை. கடன்பட்டு வாங்கிய வலை ஓரிரவிலே காணாமற்போனால், கழுவுவதற்கு வெறும் வலைதானும் மிஞ்சுவதில்லை.

வலையை மாத்திரமன்றி மக்களை இழந்தவர்களும் அக்கோயிலிலே இருந்தனர். போரிலும் அதன் முடிவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவிமாரும் வடக்குக் கிழக்கெங்கும் உள்ளனர். 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியிலே வீதியோரத்தில் அமர்ந்து அவர்கள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. விடை கிடையாமலே கண்மூடிய தாய்மார் பலர். இத்துயருக்குக் குருமாரும் விலக்கானவரல்லர்: அல்லைப்பிட்டிப் பங்கின் குருவாயிருந்த ஜிம் பிரவுண் அடிகளார் 2006 ஆகஸ்ட் 20ஆந் திகதி காணாமற்போனார். மகனின் சேர்ட்டை மடித்து வைத்து, மறுபடி எடுத்துத் துவைத்து, மறுபடி மடித்து வைக்கின்ற தாய் செய்வது என்ன? வெறும் வலையைத்தான் அவளும் கழுவுகின்றாள்.

பிரசங்கத்தின் பின் விசுவாசப் பிரமாணஞ் சொல்லப்பட்டது. அடுத்து மன்றாட்டுக்கள். ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, கையிலே ஒரு துண்டுக் கடதாசியுடன் ஒலிவாங்கியின் அருகே வந்தார். போனவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்திருப்பவர்களுக்காகவும் மன்றாடினார். குரல் தளம்பவில்லை. அவர் தம் இடத்துக்குத் திரும்பியபோது, அருகிலிருந்த மூதாட்டி எதுவும் பேசாது சற்று ஒதுங்கி இடம் விட்டார்.

இத்தகைய மனிதரின் முன்னே நின்று, 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லிவிடுவது இலேசு. அப்படிச் சொல்லாதிருக்கத் துணிவு வேண்டும். ஒரு பிரசங்கத்தை நிறுப்பதற்கு நாம் அன்று கண்ட படிக்கல் இதுவே: அங்கிருப்போருள் மிகுந்த துன்பம் அடைந்தவர் யாரோ, அவருடைய முகத்தைப் பார்த்து அந்த வார்த்தைகளைச் சொல்ல முடியுமா? முடியுமாயின் அது பிரசங்கம். முடியாதாயின், எத்துணை அழகாயிருப்பினும் அது வெறும் பேச்சு.

★

நம் நாட்டிலே கத்தோலிக்கரின் பிரசங்கத்துக்கு ஒரு தனிச் சரித்திரமுண்டு. ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், கத்தோலிக்கக் குருமார் நாட்டில் இருக்கலாகாதென்று விலக்கப்பட்டனர். குரு இல்லையேல் பூசை இல்லை. 1687ஆம் ஆண்டிலே கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையிலே தங்கி, இரவுகளில் இரகசியமாகப் பூசை நிறைவேற்றினார். 2015 ஜனவரி 14ஆந் திகதி கொழும்பு காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களாற் புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டவர் இவரே. 1705ஆம் ஆண்டு அவருக்குத் துணையாக வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், தமிழையும் சிங்களத்தையுங் கற்று இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றினார். குருமார் சிலரே, ஊர்களோ பல. குருவானவர் வராத ஊர்களிலே மூப்பரும் அண்ணாவிமாரும் மக்களைக் கூட்டிச் செபஞ் சொல்லுவித்தனர். கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திலே இராகத்தோடு வாசிக்கப்படும் வழக்கம் வடபகுதியிலே இன்றும் உண்டு. அக்காலத்தை, பூசையின்றி வார்த்தையாற் பிழைத்த காலம் எனலாம்.

அடுத்தது இலத்தீன் காலம். குருமார் வந்தனர்; கோயில்கள் எழுந்தன; பூசைகள் நடைபெற்றன. ஆனால், குருவானவர் பீடத்தை நோக்கி நின்று இலத்தீனிலே பூசை செய்ய, மக்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு விளங்கும்படி குருவானவர் வாய் திறப்பது பிரசங்க வேளையில் மாத்திரமே. ஆகவே அறிவித்தலும், ஞானோபதேசமும், கண்டனமும், ஆறுதலும் அந்த ஒரு வாசலாலேயே வரவேண்டியிருந்தன. அக்காலப் பிரசங்கங்கள் நீண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாதல் வேண்டும்.

1962இல் ஆரம்பித்த இரண்டாவது வத்திக்கான் சங்கம், 1963 டிசம்பர் 4ஆந் திகதி வழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. தாய்மொழிக்கு இடங் கொடுக்கப்பட்டது. பிரசங்கம் பூசையின் ஓர் அங்கமே என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் தக்க காரணமின்றி அதனை விடலாகாதென்றும் விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளுள் பூசை முழுவதும் தமிழாயிற்று. இன்று வாசகமும் தமிழ், மன்றாட்டும் தமிழ், பீடத்துச் செபமும் தமிழ். எல்லாவற்றையும் பிரசங்கமே சுமக்க வேண்டிய அவசியம் நீங்கிவிட்டது; ஒரு வார்த்தையைத் தெளிவாகச் சொல்லிவிட்டு அது அமரலாம். 2025ஆம் ஆண்டு காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள், பிரசங்கம் எட்டு நிமிஷங்களுக்கு மேற் போகலாகாது, போனால் மக்கள் உறங்கிவிடுவர் என்று 2024 ஜூன் மாதத்திலே சொன்னார். பிரசங்கிப்போர் வேதத்தைத் தியானித்தாற் போதாது, மக்களையும் உற்றுக்கேட்க வேண்டுமென்று 2013ஆம் ஆண்டிலேயே எழுதியும் இருந்தார். முதல் நாள் மாலை கரைக்குச் சென்று வலையைப் பற்றி விசாரித்த நம் குருவானவர், இவ்விரண்டு புத்திமதிகளையும் ஒருங்கே நிறைவேற்றினார்.

எல்லாப் பிரசங்கங்களும் இவ்வாறு அமைந்துவிடுவதில்லை என்பதைக் கத்தோலிக்க நண்பர்களே நம்மிடஞ் சொல்வதுண்டு. வந்தவர்களைப் பிடித்து, வராதவர்களுக்காக ஏசுவது ஒரு வகை. கட்டட நிதிக் கணக்கிலே தொடங்கிக் கட்டட நிதிக் கணக்கிலே முடிவது ஒரு வகை. படித்ததெல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பது இன்னொரு வகை. இவற்றைக் கேட்டு நம் சைவ நண்பர்கள் புன்னகை செய்ய வேண்டாம். திருவிழாக் காலத்து நமது பிரசங்க மண்டபங்களிலும், பாடசாலைப் பரிசளிப்பு விழா மேடைகளிலும் இதே வகைகள் வேறு உடையிலே உலவுகின்றன.

★

பிரசங்கத்துடன் பூசை முடிந்துவிடவில்லை; அதன் பின்னரே அதன் உச்சம். அப்பமும் இரசமும் பீடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. காணிக்கைப் பை வரிசை வரிசையாகச் சென்றது. மடித்த ஆயிரம் ரூபா நோட்டும் பிள்ளையின் உள்ளங்கைச் சூடேறிய நாணயமும் ஒன்றாகவே அதில் விழுந்தன. நடுப்பூசையிலே எல்லாரும் முழந்தாளிட்டிருக்க, சிறு மணியோசை கேட்டது. கைக்குழந்தைகளும் அழாத அவ்வமைதியிலே, வெளியே அலை மணலைத் தொடும் ஓசை தெளிவாகக் காதில் விழுந்தது.

நற்கருணைக்கு முன்னே, ஒருவருக்கொருவர் சமாதானங் கூறிக்கொள்ளும் வேளை. கைகூப்பித் திரும்புகின்றனர், முன்னே இருப்பவருக்கும் பின்னே இருப்பவருக்கும் தலை வணங்குகின்றனர். வேலித் தகராறும் வள்ளத் தகராறும் உள்ள ஊரிலே இது சிறு காரியமன்று. யாருக்குப் பக்கத்தில் இருக்க நேர்ந்ததோ அவரை நோக்கித்தானே திரும்பியாக வேண்டும்? நமது சிறிய ஆசானும் எழுந்து நின்று நமக்குக் கைகூப்பினான்.

நற்கருணை அவர்களுடைய விசுவாசத்துக்கு உரியது. ஆகையால் நாம் நம் இடத்திலேயே அமர்ந்திருந்தோம். வரிசையாகச் சென்றவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிப்பியோடு வெட்டிய தழும்புள்ள பாதங்கள். பாடசாலைச் சிறுவரின் பாதங்கள். பேத்தியின் தோளைப் பிடித்துத் தயங்கித் தயங்கிச் சென்ற பாட்டியின் பாதங்கள். துண்டுக் கடதாசியில் மன்றாட்டு வாசித்த பெண்மணியும் அவ்வரிசையிற் சென்றார். பிரசங்கம் அவருக்கு விடை எதையுங் கொடுத்துவிடவில்லை. ஆயினும் அவர் எழுந்து சென்றார், பெற்றுக்கொண்டு திரும்பினார். வார்த்தை சென்று சேர முடியாத இடமொன்று மனிதருள் இருக்கின்றது. அங்கே செல்வதற்காகவே வழிபாடு என ஒன்று உள்ளது போலும் என்று நமக்குத் தோன்றிற்று. நம் ஆலயங்களிலே தீபாராதனை வேளையில் நா அடங்கிப்போவதும் அதனாலன்றோ?

இறுதியாக ஆசீர் அளித்துக் குருவானவர் மக்களை அனுப்பி வைத்தார். பூசைக்கு இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் பெயரே இந்த 'அனுப்பிவைத்தல்' என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது. போய் வாருங்கள் என்று சொல்வதையே ஒரு வழிபாட்டுக்குப் பெயராக வைத்தவர்கள், அது கோயிலுக்கு வெளியே தொடர வேண்டுமென்பதை உணர்ந்தவர்களாகவே இருந்திருப்பர்.

★

முற்றத்து வேப்பமர நிழலிலே ஒரு முதியவரோடு பேச வாய்த்தது. பிரசங்கம் எப்படி என்று கேட்டோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சுவாமி சொன்னது சரிதான் ஐயா. ஆனால் ஒண்டை விட்டுப்போட்டார்" என்றார்.

"என்ன ஐயா அது?"

"அந்தக் காலத்துப் பருத்தி வலை, கழுவாட்டி உக்கிப்போகும். இப்ப நைலோன், அது உக்காது. அப்பிடியெண்டா ஏன் கழுவ வேணும்? அழுக்கு வலையை மீன் தூரத்திலேயே கண்டுவிடும், கிட்ட வராது. நேற்றையான் ஊத்தையோடை போனா இண்டைக்கும் வெறும் வலைதான்." சற்று நிறுத்தி, "மனிசருக்கும் அப்பிடித்தான்" என்றார்.

நல்ல பிரசங்கத்தின் அடையாளம் வேறென்ன வேண்டும்? கேட்டவர் அதனைத் தம்முடையதாக்கி, தம் அநுபவத்திலிருந்து அடுத்த வாக்கியத்தைத் தாமே சேர்த்துவிட்டார். முதியவர் சேர்த்த வாக்கியம் எளிதில் மறக்கத்தக்கதுமன்று. நேற்றைய ஏமாற்றத்தின் அழுக்கைக் கழுவாமல் இன்றைய வேலைக்குப் போகின்றவரிடத்திலே எதுவும் நெருங்குவதில்லை. பிள்ளைகள்கூட நெருங்குவதில்லை என்பதைக் குடும்பத் தலைவர்கள் அறிவார்கள்.

நம் வாசகக் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். கோயிலுக்கோ ஆலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ சென்று திரும்பிய நாளிலே, மத்தியானச் சாப்பாட்டின்போது பிள்ளைகளை ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று கேட்டவற்றுள் உனக்கு நினைவிலிருப்பது எது? 'ஒன்றுமில்லை' என்று பிள்ளை சொன்னால் அதற்காகக் கோபியாதீர்கள். உங்களுக்கு நினைவிலிருப்பது எதுவென்று சொல்லுங்கள். பேசுபவரை மதிப்பிடுவதிலும், கேட்டதில் ஒன்றைக் காப்பாற்றி வைப்பதே பயனுள்ள பழக்கம். மாணவர்களுக்கும் அதையே சொல்வோம். ஒரு மணி நேரப் பேச்சிலே ஒரு வாக்கியம் உங்களுடையதாகிவிட்டால், அந்த ஒரு மணி நேரம் வீண்போகவில்லை.

பரீட்சைப் பெறுபேறு கைவிட்ட பிள்ளைகளும், தொழில் தேடி ஓய்ந்த இளைஞரும், நீண்ட நாளாக ஒரு செய்திக்காகக் காத்திருக்கும் பெற்றாரும் இதனை வாசிக்கக்கூடும். நாளை வலை நிறையும் என்று நாமும் சொல்ல மாட்டோம். இன்று செய்ய வேண்டிய கழுவுதல் ஒன்று உண்டு என்று மாத்திரஞ் சொல்வோம். லூக்காஸின் அந்த வாசகம் 2028 பெப்ரவரியிலே மறுபடியும் ஞாயிற்றுப் பூசையில் வாசிக்கப்படும். அதற்கிடையில் எத்தனையோ இரவுகள் கடலிலே கழியும். எத்தனையோ காலைகளில் மனிதர்கள் வாய் பேசாது கரையிலே அமர்ந்து வலை கழுவுவர். அவர்களைக் கடந்து போகும்போது, புத்தி சொல்லாமல், சற்று நின்று ஓர் உதவி கேட்டுப் பாருங்கள்.